கோமஸ்: இருட்டுக்குள் பாடிய ஒரு ஃபோக் குழுவும் அது மீண்டும் மேடையேறிய கதையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோமஸ் எந்த ஊர்க் குழு? யார் தொடங்கியது?

இங்கிலாந்துக் குழு. லண்டனின் தென்கிழக்கு விளிம்பிலுள்ள பிராம்லியில், ராவென்ஸ்போர்ன் ஓவியக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ரோஜர் வூட்டன், கிளென் கோரிங் என்ற இரண்டு மாணவர்கள் 1960களின் பிற்பகுதியில் ஆளுக்கொரு கிட்டாரை எடுத்துக்கொண்டு அந்த வட்டாரத்து ஃபோக் கிளப்புகளில் பாடத் தொடங்கினார்கள். பிரிட்டனின் ஃபோக் கிட்டார் கலைஞர்களான பெர்ட் ஜான்ஷ், ஜான் ரென்போர்ன் ஆகியோரின் விரல்மீட்டல் பாணி அவர்களுக்கு ஒரு பக்கம் ஆதர்சமாக இருந்தது. மறுபக்கம், நியூயார்க்கின் வெல்வெட் அண்டர்கிரவுண்ட் என்ற ராக் குழுவினுடைய பாடல்களையும் அதே கிளப்புகளில் பாடிக்காட்டினார்கள். நாட்டார் பாடல் கேட்க வந்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். பின்னாளில் அவர்களுடைய இசையில் எது எதோடு கலந்தது என்பதற்கான விடை ஏறத்தாழ முழுவதும் அந்தப் பாடல் தேர்விலேயே இருக்கிறது.

வயலினும் வயோலாவும் வாசித்த காலின் பியர்சன், பேஸ் கிட்டார் வாசித்த ஆன்டி ஹெலபி, புல்லாங்குழலும் ஓபோ என்ற காற்று வாத்தியமும் வாசித்த ராப் யங், பாடகி பாபி வாட்சன் ஆகியோர் ஒவ்வொருவராக வந்து சேர, குழு ஆறு பேராக நிலைபெற்றது. அப்போது அருகிலிருந்த பெக்கன்ஹாமில் ‘த்ரீ டன்ஸ்’ என்ற மதுக்கடையின் பின்கூடத்தில் பாடகர் டேவிட் போவி ‘ஆர்ட்ஸ் லேப்’ என்ற கலைக்கூடல் ஒன்றை நடத்திவந்தார். கோமஸ் அங்கே அடிக்கடி வாசித்தது. 1969 நவம்பரில் லண்டன் பர்செல் ரூம் அரங்கில் போவி நடத்திய கச்சேரியிலும் அவருக்கு முன்னால் மேடையேறியது.

‘கோமஸ்’ என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

கிரேக்க, ரோமானியக் கதைகளில் களியாட்டத்துக்குரிய தெய்வத்தின் பெயர் அது. ஆனால் குழு அதை எடுத்துக்கொண்டது ஜான் மில்டனிடமிருந்து. 1634 செப்டம்பர் 29 அன்று லட்லோ கோட்டையில், பிரிட்ஜ்வாட்டர் பிரபுவின் குடும்பத்துக்காக மில்டன் எழுதிய இசைநாடகம் ஒன்று அரங்கேறியது. இன்று அது ‘கோமஸ்’ என்றே அறியப்படுகிறது. பாக்கஸுக்கும் மாயக்காரி சிர்சிக்கும் பிறந்த கோமஸ் காட்டில் வழிதவறி வருகிறவர்களுக்கு மாய மதுவைக் கொடுத்து, அவர்களுடைய தலையை விலங்குத் தலையாக மாற்றிவிடுவான். அப்படி அவனிடம் சிக்கிக்கொள்ளும் ஒரு கன்னிப்பெண் அவனுடைய ஆசைவார்த்தைக்கு மசியாமல் வாதம் செய்கிறாள். அவளுடைய சகோதரர்கள் வாளோடு வந்து அவனை விரட்டுகிறார்கள். இருக்கையோடு ஒட்டிப்போன அவளை செவர்ன் ஆற்றின் தேவதையான சப்ரினா வந்து விடுவிக்கிறாள்.

வூட்டனுடைய பாடல்களில் இந்தச் சப்ரினா வருவதே இல்லை. கற்பு வெல்லும் என்று சொல்ல மில்டன் கட்டிய கதையிலிருந்து காட்டையும் மாயக்காரனையும் பயத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு, விடுதலையை அப்படியே விட்டுவிட்டார்கள். குழுவின் முதல் இசைத்தட்டைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விடுபடலே போதும் என்பது என் எண்ணம்.

சைகடெலிக் ஃபோக் என்றால் என்ன? அதில் இவர்களை மட்டும் ஏன் ‘இருண்ட’ என்கிறார்கள்?

1960களின் பிற்பகுதியில் பிரிட்டனின் இளைஞர்கள் பலர் நாட்டார் இசையின் வாத்தியங்களையும் பாடுமுறையையும் வைத்துக்கொண்டு, கனவும் போதையும் கீழைநாட்டு இசையும் கலந்த நீண்ட பாடல்களை அமைத்தார்கள். சைகடெலிக் ஃபோக் அல்லது ஆசிட் ஃபோக் என்பது அதற்கு இடப்பட்ட பெயர். இன்கிரெடிபிள் ஸ்ட்ரிங் பேண்ட் என்ற குழு இதன் முன்னோடி. அந்த இசையில் காடு என்றால் பெரும்பாலும் அடைக்கலம். நகரத்தின் இரைச்சலை விட்டுத் தப்பிப்போகிற இடம்.

கோமஸின் காட்டுக்குள் போனவர் திரும்பி வருவது நிச்சயமில்லை. பிரிட்டனின் பழைய நாட்டார் பாடல்களிலும் கொலை உண்டு, தூக்குமரம் உண்டு, ஆற்றில் மிதக்கும் பெண்ணின் உடல் உண்டு. ஆனால் அந்தப் பாடல்களில் கதைசொல்லி விலகி நின்று, நடந்ததை ஒப்பிப்பவர்போலச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். வூட்டன் அந்த விலகலை எடுத்துவிட்டு, கொலைகாரனின் தொண்டைக்குள்ளிருந்தே பாடினார். ‘இருண்ட’ என்ற அடைமொழி வந்தது இந்த இடமாற்றத்தால்தான்.

டிரம்ஸ்கூட இல்லாத குழு அவ்வளவு மிரட்டலாக ஒலித்தது எப்படி?

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வியும் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்லத் தகுந்த கேள்வியும் இதுதான். 1971 பிப்ரவரியில் வெளிவந்த ‘ஃபர்ஸ்ட் அட்டரன்ஸ்’ என்ற முதல் இசைத்தட்டில் டிரம் செட் கிடையாது. கோரிங்கும் யங்கும் கைகளால் தட்டும் சிறு முழவுகள்தான் தாளம். அக்கூஸ்டிக் கிட்டார், வயலின், புல்லாங்குழல், ஓபோ, இரண்டு மூன்று குரல்கள், இவற்றோடு ஒரு பேஸ் கிட்டார். இசைத்தட்டின் பெரும்பகுதி இவ்வளவுதான்.

டிரம் செட் இருந்தால் அது தாளத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். கேட்பவர் அதில் சாய்ந்துகொள்ளலாம். இங்கே அப்படிச் சாய்ந்துகொள்ளச் சுவரே இல்லை. கிட்டார்களின் அடியே தாளமாக மாறி முன்னே தள்ளுகிறது, கைமுழவு அதைத் துரத்துகிறது, வேகம் கூடும்போது எல்லாரும் சேர்ந்து மூச்சிரைப்பதுபோலக் கூடுகிறது. முதல் பாடலான ‘டயானா’வை எடுத்துக்கொள்ளுங்கள். பேஸ் கிட்டாரின் தந்தி வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. அதன்மேல் நொண்டி நொண்டி ஓடுவதுபோன்ற ஒரு தாளம் ஏறுகிறது. மூக்கால் இழுத்துப் பாடும் வூட்டனின் குரல் ஒரு கேலிப்பாட்டைப்போலத் தொடங்கி, அடுத்த சில வரிகளுக்குள் உறுமலுக்கும் கீச்சலுக்கும் தாவுகிறது. பாபி வாட்சனின் மெல்லிய உச்சக்குரல் அதற்கு இணையாக மேலே மிதக்கிறது. இரண்டு குரலும் ஒன்றோடொன்று இழைவதில்லை. துரத்துகிற குரலும் ஓடுகிற குரலுமாகவே கடைசிவரை நிற்கின்றன. ரோமானியர்களின் வேட்டைத் தெய்வத்தின் பெயரைச் சூடிய பெண், இந்தப் பாட்டில் வேட்டைநாய்களின் குரைப்பைக் கேட்டு ஓடுகிறாள்.

பியர்சனின் வயலினைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். முறையான பயிற்சியின் சுத்தம் அதில் தெரிகிறது. அந்தச் சுத்தத்தை வைத்துக்கொண்டே வில்லைத் தந்தியில் அழுத்திக் கீறுகிறார். ‘பிட்டன்’ என்ற இரண்டு நிமிடச் சொச்ச வாத்திய இசைத்துண்டில் மெட்டு என்று சொல்லக்கூடிய எதுவும் இல்லை, உரசலும் முனகலும்தான். ஓசையைக் கூட்டிப் பயமுறுத்துவது எளிது. அண்டைவீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வாசிப்பதுபோன்ற வாத்தியங்களை வைத்துக்கொண்டு பயமுறுத்துவதுதான் அரிது.

பாடல்களில் வரும் வன்முறையை எப்படி எடுத்துக்கொள்வது?

சங்கடத்தோடுதான். மழுப்புவதில் பயனில்லை. ‘டிரிப் டிரிப்’ பதினோரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான பாடல்; ஒரு பெண்ணைக் கொன்றவன், தொங்கும் அவளுடைய உடலைப் பார்த்துப் பேசுவதுபோல அமைந்தது. ‘தி பைட்’ ஒரு கிறிஸ்தவன் கொல்லப்படுவதைச் சொல்கிறது. ‘சாங் டு கோமஸ்’ மில்டனின் மாயக்காரனைப் பற்றியது. கடைசிப் பாடலான ‘தி பிரிசனர்’, மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டு மின்அதிர்ச்சி சிகிச்சைக்கு உள்ளாகும் ஒருவனின் வாக்குமூலம். மற்ற பாடல்களைத் தாங்காதவர்களும் இந்தப் பாடலை ஒப்புக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அதுவரை தாக்குகிறவனின் வாயால் பேசிவந்த இசைத்தட்டு, அங்கே தாக்கப்பட்டவனின் வாயால் பேசுவதே அதற்குக் காரணமாக இருக்கலாம்.

இந்தப் பாடல்கள் கொடுமையைக் கொண்டாடுகின்றன என்று நான் கருதவில்லை. கேட்பவரை எங்கேயும் சௌகரியமாக உட்காரவைக்காமல் இருப்பதே அவற்றின் நோக்கமாகப்படுகிறது. ஆனாலும், பெண்ணுடல்மீது நிகழும் வன்முறையை இருபது வயதை ஒட்டிய ஓவிய மாணவர்கள் ஒரு நாடகப் பொருளாகக் கையாண்டார்கள் என்பதும், அதில் இளமைக்கே உரிய அலட்சியம் கொஞ்சம் உண்டு என்பதும் உண்மை. இன்று கேட்கிறவர் அந்த இடத்தில் முகம் சுளித்தால் அவரிடம் வாதாட எனக்கு மனம் வராது.

இவற்றுக்கு நடுவே ‘தி ஹெரால்டு’ என்று பன்னிரண்டு நிமிடப் பாடல் ஒன்று இருப்பதை மறந்துவிடக்கூடாது. பாபி வாட்சனின் குரலும் ஓபோவும் இரண்டு கிட்டார்களும் மெல்ல மெல்லப் பொழுது புலர்வதைப்போல விரியும் அந்தப் பாட்டில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அதைக் கேட்டவர்களுக்கு, இவர்கள் விரும்பியிருந்தால் அழகான ஃபோக் குழுவாகவும் பேர் வாங்கியிருக்கலாம் என்பது விளங்கும்.

இசைத்தட்டின் அட்டைப்படத்தை வரைந்தது யார்?

வூட்டனேதான், அதுவும் சாதாரண பால்பாயின்ட் பேனாவால். எலும்பும் தோலுமாக முறுகிக் குறுகிய மனித உருவம் அது. உள்மடிப்பிலுள்ள ஓவியம் கோரிங்குடையது. ஓவியக் கல்லூரியில் படித்தது வீண்போகவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு இருந்தும் அப்போது ஏன் எடுபடவில்லை?

காரணங்கள் பல. பை என்ற இசைத்தட்டு நிறுவனம் புதுமையான இசைக்கென்று தொடங்கிய ‘டான்’ என்ற கிளை நிறுவனம்தான் இசைத்தட்டை வெளியிட்டது. தன்னுடைய குழுக்களை அறிமுகப்படுத்த டான் நிறுவனம் 1970இன் கடைசியில் ஒரு சுற்றுப்பயணத்தை நடத்தியது. டைட்டஸ் குரோன், ஹெரன், டீமன் ஃபஸ் ஆகிய குழுக்களோடு கோமஸும் அதில் வாசித்தது. நுழைவுக்கட்டணம் ஒரு பென்னி. அன்றைய கணக்கில் ஒரு பவுண்டுக்கு 240 பென்னி என்றால், ஏறத்தாழ இலவசம்தான். கூட்டம் சேர்க்க நல்ல வழி. ஆனால் ஒரு பென்னி கொடுத்து வந்தவர் அடுத்த மாதம் முழு விலை கொடுத்து இசைத்தட்டு வாங்குவாரா என்பது வேறு கணக்கு.

பிறகு இசைத்தட்டு வெளிவந்த நேரம். 1971 ஜனவரி 20 அன்று பிரிட்டனின் தபால் ஊழியர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் 47 நாள் நீடித்தது. தபாலை நம்பி இயங்கிய இசைத்தட்டு வியாபாரமும் விளம்பரமும் முடங்கியிருந்த வாரங்களில்தான் ‘ஃபர்ஸ்ட் அட்டரன்ஸ்’ கடைக்கு வந்தது. இசைத்தட்டு தோற்றதற்கு இந்த வேலைநிறுத்தத்தைக் காரணமாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அதில் பாதிதான் உண்மை என்பேன். தபால் ஒழுங்காக ஓடியிருந்தாலும் இதை வாங்கிக்கொண்டுபோய் வீட்டுக்கூடத்தில் ஓடவிடத் துணிந்திருப்பவர்கள் குறைவுதான். விமர்சகர்களும் கைகொடுக்கவில்லை. ராப் யங் விலக, அவருடைய இடத்துக்கு ஓபோவும் பசூன் என்ற காற்று வாத்தியமும் வாசிக்கும் லின்ட்சி கூப்பர் வந்தார். பின்னாளில் ஹென்றி கவ் என்ற சோதனை ராக் குழுவில் புகழ்பெற்றவர் அவர்தான். அடுத்த இசைத்தட்டுக்கென்று ‘மால்கார்டு சூட்’ என்ற நீண்ட படைப்பை மேடையில் வாசித்துப் பதப்படுத்திவந்தார்கள். அது ஒலிப்பதிவுக் கூடத்தை எட்டுவதற்குள், 1972இல் குழு கலைந்துவிட்டது.

இரண்டாவது ஆல்பம் ஒன்று உண்டே, அதைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

‘டு கீப் ஃப்ரம் க்ரையிங்’, 1974, வர்ஜின் இசைத்தட்டு நிறுவனத்தின் வெளியீடு. வூட்டன், வாட்சன், ஹெலபி மூவரும் புதியவர்களைச் சேர்த்துக்கொண்டு செய்தது. டிரம்ஸ் வந்தது, கீபோர்டு வந்தது. லின்ட்சி கூப்பரும் காங் என்ற ராக் குழுவின் டிடியே மலேர்பும் விருந்தினராக வாசித்தார்கள். பாடல்கள் சுருங்கி, இனிமையாகி, வானொலிக்கு ஏற்றவையாகின. மோசம் என்று சொல்ல முடியாது. கோமஸ் என்ற பெயர் இல்லாமல் வந்திருந்தால் சுமாரான பாப் ஆல்பமாகத் தப்பித்திருக்கும். அந்தப் பெயரோடு வந்ததால், காட்டிலிருந்து பிடித்துவந்த விலங்குக்குச் சட்டை மாட்டியதுபோல ஆகிவிட்டது. அதோடு குழு மீண்டும் கலைந்தது.

கலைந்திருந்த முப்பதாண்டுகளுக்கு மேலான காலத்தில் இவர்களை யார் நினைவில் வைத்திருந்தார்கள்?

பழைய ரசிகர்கள் என்று பெரிய கூட்டமே இருந்ததில்லை. ஆகவே நினைவில் வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் பிறகு வந்தவர்கள். டேவிட் திபெத் என்ற இங்கிலாந்துக் கலைஞரின் கரன்ட் 93 குழு 1990இல் ‘டயானா’வைத் தன் பாணியில் பாடிப் பதிவு செய்தது. ஆனால் கோமஸை உலகெங்கும் கொண்டுபோனவர் ஸ்வீடனின் ஓபெத் என்ற மெட்டல் குழுவின் தலைவர் மிக்கேல் ஓகர்ஃபெல்ட். 1998இல் வெளிவந்த ஓபெத்தின் மூன்றாவது ஆல்பமான ‘மை ஆர்ம்ஸ், யுவர் ஹெர்ஸ்’ தன் தலைப்பை ‘டிரிப் டிரிப்’ பாட்டின் ஒரு வரியிலிருந்து எடுத்துக்கொண்டது. 2005இல் வந்த ‘கோஸ்ட் ரெவரீஸ்’ ஆல்பத்திலுள்ள ஒரு பாடலின் தலைப்பு ‘டயானா’விலிருந்து வந்தது. ஓபெத்தைக் கேட்ட இளைஞர்கள் தலைப்பின் மூலத்தைத் தேடிப் போனார்கள். போனவர்களுக்கு, உறுமும் குரலும் கொடூரமான கதையும் பத்து நிமிடப் பாடலும் பழக்கப்பட்ட சங்கதிகள்தான். 1971இன் ஃபோக் ரசிகருக்கு அந்நியமாகப்பட்டதெல்லாம் 1998இன் மெட்டல் ரசிகருக்குத் தாய்மொழியாக இருந்தது. கோமஸின் 1970களின் பதிவுகளையெல்லாம் தொகுத்து 2005இல் இரட்டை சிடி வந்தபோது அதை வாங்க ஆள் இருந்தது.

மீண்டும் மேடையேறியது எப்போது, எங்கே?

2008 மார்ச்சில், கப்பலில். ஸ்டாக்ஹோமிலிருந்து பால்டிக் கடலில் செல்லும் பயணிகள் கப்பலில் ‘மெல்லோபோட்’ என்ற இசைவிழாவை நடத்திய ஸ்டெஃபான் டிம்லே, இசைக்கலைஞரும்கூட. கோமஸை மறுபடி ஒன்றுசேர்த்து மேடையேற்ற வேண்டும் என்பதில் உறுதியாக நின்றவர் அவர். வூட்டன், கோரிங், ஹெலபி, பியர்சன், வாட்சன் என்று முதல் அணியின் ஐந்து பேரும் வந்தார்கள். ராப் யங்கின் இடத்தில் புல்லாங்குழலும் சாக்ஸபோனும் வாசிக்க, பாபி வாட்சனின் கணவர் ஜான் சீக்ரோட் சேர்ந்தார். குழு கலைந்து 34 ஆண்டுகள் ஆகியிருந்தன. சொந்த நாட்டில் விலைபோகாத இசைக்கு அழைப்பு வந்தது ஸ்வீடனிலிருந்து என்பதில், ஓபெத்தின் நாடு அது என்பதை நினைத்துக்கொண்டால், வியப்பு ஏதுமில்லை.

அந்தக் கச்சேரியின் பதிவு ‘ஈஸ்ட் ஆஃப் ஸ்வீடன்’ என்ற பெயரில் 2011இல் வெளிவந்தது. இடையே 2009இல் லண்டனில் நடந்த ஈக்வினாக்ஸ் விழாவிலும் குழு வாசித்தது.

அறுபதை நெருங்கிய வயதில் அந்தக் குரல் எடுபட்டதா?

எடுபட்டது, ஆனால் அதே குரலாக அல்ல. இளவயதில் வூட்டன் கீச்சலிலிருந்து உறுமலுக்குத் தாவும்போது, இந்தப் பையன் கட்டுப்பாடு இழந்துவிட்டானோ என்று ஒரு கணம் தோன்றும், அதுதான் பயம். 2008 பதிவில் கரகரப்பு கூடியிருக்கிறது, தாவல் குறைந்திருக்கிறது. அவர் என்ன செய்கிறார் என்பது அவருக்குத் தெரிந்தே இருக்கிறது. வயதானவர் ஒருவர் நிதானமாக இந்த வரிகளைப் பாடுவது இன்னொரு விதமான திகில். வாத்தியக்காரர்கள்தான் என்னை ஆச்சரியப்படுத்தினார்கள். கிட்டாரும் வயலினும் ஒன்றையொன்று துரத்தி வேகமெடுக்கும் இடங்கள் அறையில் பலநாள் ஒத்திகை பார்த்தால் மட்டுமே கைக்கு வருபவை. பழைய ஞாபகத்தை நம்பி மேடையேறியவர்களின் வாசிப்பு அல்ல அது.

மறுவருகைக்குப் பிறகு புதிதாக ஏதாவது செய்தார்களா, பழைய பாடல்களோடு நின்றுவிட்டார்களா?

செய்தார்கள். 2012இல் ‘அவுட் ஆஃப் தி கோமா’ வந்தது. வெளியிட்டது, இருபது ஆண்டுகளுக்கு முன்பு ‘டயானா’வைப் பாடிய அதே டேவிட் திபெத்தின் காப்டிக் கேட் நிறுவனம். ஆல்பத்தின் தலைப்புப் பாடல், ‘தி சாக்ரிஃபைஸ்’, ‘தி ரிட்டர்ன்’ என்று மூன்று புதிய பாடல்கள். 1974இல் சேர்த்துக்கொண்ட டிரம்ஸும் கீபோர்டும் போய், மறுபடி கிட்டார், வயலின், காற்று வாத்தியம், கைமுழவு. பெரிய இடைவெளிக்குப் பிறகு ஒன்றுசேரும் குழுக்கள் பலவும் தாங்கள் கடைசியாக எங்கே விட்டார்களோ அங்கிருந்து தொடர்வார்கள். கோமஸ் 1974ஐத் தாண்டிக் குதித்து, 1971க்குப் பக்கத்தில் போய் நின்றது. ஒலிப்பதிவு துலக்கமாக இருப்பதால் பழைய தட்டின் புழுக்கம் இதில் இல்லை. எனக்கு அது ஒரு குறைதான்.

புதிய பாடல்களுக்குப் பின்னால் நான்காவதாக ஒன்று இருக்கிறது: பதிவுக்கூடத்தை எட்டாமலே போன அந்த ‘மால்கார்டு சூட்’. 1972இல் மேடையில் வாசிக்கப்பட்டபோது எடுத்த பதிவு. ஒலித்தரம் சுமார்தான், கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்க வேண்டும். குழு கலையாமல் இருந்திருந்தால் இரண்டாவது இசைத்தட்டு எப்படி இருந்திருக்கும் என்பதற்கு நமக்குக் கிடைத்திருக்கும் சான்று அதுதான்.

புதிதாகக் கேட்கிறவர் எதிலிருந்து தொடங்கலாம்?

‘ஃபர்ஸ்ட் அட்டரன்ஸ்’ இசைத்தட்டிலிருந்துதான். ஆனால் அதன் வரிசைப்படி அல்ல. ‘டயானா’வில் தொடங்குகிறவர்களில் பாதிப்பேர் இரண்டாவது நிமிடத்திலேயே அணைத்துவிடுகிறார்கள். முதலில் ‘தி ஹெரால்டு’, அடுத்து ‘தி பிரிசனர்’, அதன்பிறகு ‘டயானா’. ‘டிரிப் டிரிப்’பை இந்த மூன்றுக்கும் பிறகு, பாடல் எதைப் பற்றியது என்று தெரிந்துகொண்டு கேளுங்கள். பிறகு 2008 கப்பல் பதிவில் அதே பாடல்களைக் கேட்டால், 37 ஆண்டு இடைவெளி ஒரு குரலை என்ன செய்திருக்கிறது என்பது கேட்கும். அதில் வெல்வெட் அண்டர்கிரவுண்டின் பாடல் ஒன்றும் வருகிறது: பிராம்லி வட்டாரத்து ஃபோக் கிளப்புகளில் இரண்டு மாணவர்கள் பாடிக்கொண்டிருந்த அதே குழுவின் பாடல்.